மூடின ட்ரெய்லர் செய்யக் குடுக்க முதல்: மூக்கு, முகடு, கதவு எதையும் படத்தப் பாத்து முடிவெடுக்காதீங்க

நான் மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கம். கதிரை, பந்தல் சாமான், சவுண்ட் பொக்ஸ் வாடகைக்குக் குடுக்கிறதுதான் தொழில். வைகாசில கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினா ஆவணி முடியிற மட்டும் ஓட்டம்தான், எழுவான்கரையில (வாவிக்குக் கிழக்க) ரெண்டு நாள், மறுகா படுவான்கரையில (வாவிக்கு மேக்க) மூண்டு நாள். சாமான் ஏத்தி இறக்க லொறி வாடகை குடுத்து மாளாம, கேப்புக்கு, அதாவது பிக்கப்புக்கு, பின்னால இழுக்கிற மாதிரி மூடின ட்ரெய்லர் ஒண்டு செய்விச்சன். ஓட்டம் இல்லாத நாளையில வளவுக்குள்ள நிப்பாட்டி அதையே ஸ்டோர் அறையாவும் பாவிக்கலாம் எண்டு நினைச்சன். யோசனை சரி, ஆனா செய்விச்ச வடிவம் பிழை. ஒருக்கா கட்டி, வெட்டி, திரும்பக் கட்டி எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல போயித்து, காசும் போயித்து. நீங்க அப்படிப் போகக்கூடாது எண்டுதான் இத இவ்வளவு விலாவாரியா எழுதுறன்.

திறந்த மிசின் பெட்டிக்கும் (உழவு மிசின் இழுக்கிற பெட்டி) இதுக்கும் வித்தியாசம் இருக்கு. மிசின் பெட்டியில நெல்லு மூட்டையோ மண்ணோ எது போட்டாலும் மேலால தறப்பாள் இழுத்துக் கட்டிப் போகலாம், கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் சமாளிக்கலாம். மூடின பெட்டியில உள்ளளவு எவ்வளவோ அவ்வளவுதான். ஒரு இஞ்சி பிழைச்சா பிழைச்சதுதான்.

1. முதல்ல சாமான அளங்க, நிறுங்க

வெல்டிங் கடைக்குப் போக முதல் ஒரு கொப்பியும் அளவு நாடாவும் எடுத்து, உள்ள ஏத்தப் போற ஒவ்வொரு சாமானயும் நீளம், அகலம், உயரம், நிறை எண்டு எழுதுங்க. பிளாஸ்ரிக் கதிரை ஒண்டு ரெண்டரைக் கிலோ வரும், நூறு கதிரை எண்டா 250 கிலோ, லேசான சாமான் எண்டு நினைச்சு விட்டுராதீங்க. கதிரைய அடுக்கினா ஒரு அடுக்குக்கு கீழ ரெண்டடிக்கு ரெண்டடி இடம் வேணும். என்ட சவுண்ட் பொக்ஸ் நாலும் சதுர மூலை உள்ள பெட்டியள், ஒண்டு நாலடி உயரம்.

மறுகா வீட்டு முத்தத்தில சோக்கால பெட்டிட அளவக் கீறி, உண்மையான சாமானக் கொண்டந்து அதுக்குள்ள அடுக்கிப் பாருங்க. அரை நாள் வேலை. நான் இதச் செய்யல்ல, செய்திருந்தா முதல் ட்ரெய்லர் அந்த வடிவத்தில வந்தே இராது.

2. இழுக்கிற வாகனம் எவ்வளவு தாங்கும்

வாகனத்தோட வந்த புத்தகத்தில ட்ரெய்லர் நிறை எண்டு ரெண்டு கணக்கு இருக்கும், பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு ஒண்டு, பிரேக் உள்ளதுக்கு ஒண்டு. கன பிக்கப்புகளுக்கு பிரேக் இல்லாததுக்கு 750 கிலோதான் போட்டிருக்கும். இது சாமான் நிறை மட்டும் இல்ல, வெறும் பெட்டியும் சேத்து. என்ட இரும்புப் பெட்டி வெறுமையா 420 கிலோ, அப்ப சாமானுக்கு மிஞ்சினது 330 கிலோதான். ஜெனரேட்டரையும் முதல்ல இதுக்குள்ளதான் ஏத்தினன், புறகுதான் அத கேப்புட தட்டில ஏத்திற மாதிரி மாத்தினன்.

கூட நிறை வேணுமெண்டா ஓவர்ரன் பிரேக் உள்ள கப்ளர் (ட்ரெய்லர கேப்போட கொளுவுற பூட்டு) கேளுங்க. கேப் பிரேக் பிடிக்கேக்க ட்ரெய்லர் முன்னுக்குத் தள்ளும், அந்தத் தள்ளுகையாலயே ட்ரெய்லர்ட சில்லுக்கும் பிரேக் பிடிக்கும். செலவு கூடத்தான், ஆனா நிறை கூடின பெட்டிய பிரேக் இல்லாம இழுக்கிறது மத்தவங்கட உயிரோட விளையாடுற வேலை.

உங்கட சாரதி அனுமதிப்பத்திரத்தில என்ன வகுப்பு இருக்கு, அதுக்கு எவ்வளவு நிறை ட்ரெய்லர் இழுக்கலாம் எண்டத இப்பவே மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில கேட்டு வெச்சிக்கொள்ளுங்க. பெட்டி கட்டி முடிச்சுத்து கேக்கிற கேள்வி இல்ல இது.

3. மூக்கு: சப்பையா, கூரா, வளைவா

எல்லாரும் பிழைக்கிற இடம் இதுதான், அதால கொஞ்சம் நிண்டு சொல்றன்.

முன்பக்கம் மூண்டு மாதிரி செய்யலாம். நேரா வெட்டின சப்பை மூக்கு. கப்பல் மாதிரி முன்னுக்குக் கூரா வாற வி மூக்கு. மூலை ரெண்டையும் மட்டும் வளைச்சு எடுக்கிற வளைவு மூக்கு. போன்ல வாற வெளிநாட்டுப் படங்களில முக்காவாசி வி மூக்குத்தான், பாக்க வடிவா இருக்கும், காத்த வெட்டிப் போகும் எண்ணெய் மிச்சம் எண்டும் சொல்லுவாங்க. நானும் படத்தக் காட்டித்தான் குடுத்தன்.

வெல்டிங் அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, பத்தடி எண்டா மூக்கோட சேத்துத்தானே?" நான் யோசிக்காம "ஓமண்ணன்" எண்டுத்தன். அந்த ஒரு சொல்லுதான் எனக்கு அவ்வளவு காசு. அஞ்சடி அகலம், பத்தடி நீளம், அதில மூக்கு ரெண்டரை அடி, அப்ப சதுரமா மிஞ்சினது ஏழரை அடி. மூக்கு முக்கோணமா வாறதால சப்பை மூக்குப் பெட்டியோட பாக்கேக்க ஆறேகால் சதுர அடி இல்லாமப் போயித்து. ஆறேகால் எண்டு கேக்க சின்னக் கணக்கு மாதிரிக் கிடக்கும், ஆனா மிஞ்சின முக்கோணத்துக்குள்ள ரெண்டடிக்கு ரெண்டடி கதிரை அடுக்கு ஒழுங்கா ஒண்டும் நிக்காது, சதுரமா இருந்திருந்தா ரெண்டு அடுக்கு நிண்டிருக்கும், கிட்டத்தட்ட நாப்பது கதிரை. சவுண்ட் பொக்ஸும் அதுக்குள்ள போகாது. வயர்ச் சுருளும் கயிறும் மட்டும் அந்த மூலையில கிடந்திச்சு.

அதுக்காக வி மூக்கு கூடாது எண்டு சொல்ல வரல்ல. ஒழுங்காச் செய்யிறது எப்படியெண்டா, சதுரப் பெட்டிய முழுசா பத்தடி எடுத்துத்து, அதுக்கு முன்னால இழுவைச் சட்டத்துக்கு (பெட்டியில இருந்து கப்ளர் மட்டும் நீளுற இரும்பு) மேல இருக்கிற வெறும் இடத்தில மூக்க மேலதிகமா வெக்கிறது. அந்த இடம் சும்மா கிடக்கிற இடம்தானே, அதால மொத்த நீளம் கூடாம உள்ள இடம் மட்டும் கூடும். சின்ன வளவில நிப்பாட்டுறவங்களுக்கு இது பெரிய லாபம். கூராப் போறதால கிறுக்கேக்க (வாகனத்தத் திருப்பேக்க) கேப்புட பின்மூலையில முட்டுறதும் குறைவு. பைப் வேலை, கரண்ட் வேலை செய்யிறவங்க அந்த முக்கோணத்தில தட்டு அடிச்சு சின்னச் சாமான் எல்லாம் வெக்கலாம், அவங்களுக்கு இதுதான் பொருத்தம். கடையில பேசேக்க "சதுரம் இவ்வளவு, மூக்கு அதுக்கு வெளியால இவ்வளவு" எண்டு பிரிச்சுச் சொல்லி, கடதாசியில கீறி, ரெண்டு பேரும் கையெழுத்து வெச்சிக்கொள்ளுங்க.

எண்ணெய் மிச்சம் எண்ட கதைய நம்பி மட்டும் வி மூக்கு எடுக்காதீங்க. வேகம் கூடக் கூடத்தான் காத்து மறிக்கிறதும் கூடும், வேகம் ரெட்டிப்பானா மறிப்பு நாலு மடங்காகும். பெரிய நெடுஞ்சாலையில நூறுக்கு மேல ஓடுறவங்களுக்கு மூக்கு வடிவம் ஒரு கணக்கு. நாங்க மட்டக்களப்பு கல்முனை ரோட்டில சந்திக்குச் சந்தி பிரேக் பிடிச்சு நாப்பது அம்பதில போறம், அதுவும் பெட்டிட கீழ்ப்பாதி கேப்புக்குப் பின்னால மறைஞ்சு நிக்கும். மூக்க விட பெட்டிட உயரமும் அகலமும்தான் காத்துக்குக் கணக்கு.

கதிரை, பெட்டி, மூட்டை எண்டு சதுரச் சாமான் ஏத்திறவங்களுக்கு நான் சொல்றது சப்பை மூக்கு, மூலைய மட்டும் வளைச்சு. ஆனா சப்பை மூக்குக்கு இழுவைச் சட்டம் நீளமா இருக்கணும், இல்லாட்டி மடக்கிக் கிறுக்கேக்க பெட்டிட மூலை கேப்பில அடிக்கும். சட்டம் நீளமா இருந்தா ரிவேஸ் எடுக்கிறதும் லேசு, குட்டையா இருந்தா ஸ்டியரிங்க தொட்ட உடன பெட்டி எங்கயோ பாத்துப் போகும்.

எந்த மூக்கு எடுத்தாலும் முன்பக்கம் கீழ ரெண்டடிக்கு செக்கர் பிளேற் (மேடு போட்ட தடிச்ச தகடு) அடிங்க. படுவான்கரை கிரவல் ரோட்டில கேப்புட சில்லு எறியிற கல்லு மெல்லிசான சீற்ற ஒரு மாசத்தில சொட்டை சொட்டையாக்கிப் போடும்.

4. முகடு: தட்டையா விடாதீங்க

எங்கட ஊர் மாரி மழை தெரியும்தானே, ஐப்பசில தொடங்கினா தை மட்டும் நிண்டு பெய்யும். தட்டை முகடு செய்ய லேசு, விலையும் குறைவு, முதல் வருஷம் ஒண்டும் தெரியாது. புறகு நடுவில கொஞ்சமா பதியும், பதிஞ்ச இடத்தில தண்ணி நிக்கும், வெயில்ல சிலிக்கன் வெடிக்கும், அடுத்த மழைக்கு அதுக்குள்ளால இறங்கும். எனக்கு கார்த்திகையில ஒரு நாள் வெள்ளாப்பில கதவத் திறக்க, அம்பிளிபயருக்கு மேல போட்டிருந்த பெட்ஷீற் ஈரத்தில அப்படியே ஒட்டிக் கிடந்திச்சு. தூக்கிப் பிழிஞ்சா தண்ணி. மேல பாத்தா, சீற் பொருத்தின இடத்தில வரிசையா துளி துளியா நிக்கிது, ஒவ்வொண்டா கீழ விழுகுது. அந்த அம்பிளிபயர் மறுகா வேலை செய்யல்ல.

வளைவு முகடு கேளுங்க. பொக்ஸ் பார (சதுர இரும்புக் குழாய) வில்லு மாதிரி வளைச்சு ரெண்டடிக்கு ஒண்டு வெச்சு, ஒரே சீற்ற இந்தப் பக்கத்தால அந்தப் பக்கம் இழுத்து அடிச்சா தண்ணி நிக்க இடமே இல்ல. நடுவில மூண்டு நாலு இஞ்சி உயரமும் கூடக் கிடைக்கும். சீற் ரெண்டு பொருத்த வேண்டி வந்தா முன் சீற் மேலயும் பின் சீற் அதுக்குக் கீழயும் வரணும், அப்பதான் ஓடேக்க காத்து மழையப் பொருத்துக்குள்ள தள்ளாது. வளைக்கத் தெரியாத கடை எண்டா, ஒரு பக்கமா சரிவு வெச்சாவது தட்டையத் தவிருங்க. நிறம் வெள்ளை, வேற நிறம் வேணாம், சித்திரை வெயில்ல உள்ளுக்க வெக்கையில சவுண்ட் பொக்ஸ்ட பசையே இளகும்.

5. உயரமும் அகலமும்

நீங்க போற ஒழுங்கையள், கோயில் வாசல், கேற் எல்லாத்தையும் ஒருக்கா அளந்து எழுதுங்க. சடங்குக் காலத்தில ரோட்டுக்கு மேலால தோரணமும் பல்ப் வயரும் தாழக் கட்டியிருப்பாங்க, அதயும் யோசிங்க. பாதையில (வாவி கடக்கிற மிதவையில) ஏத்திற தேவை இருக்கிறவங்க, குருக்கள்மடத்தால அம்பிளாந்துறை போறவங்க, குருமண்வெளியால மண்டூர் போறவங்க, கேப்பும் ட்ரெய்லரும் சேந்து மொத்த நீளம் என்ன வருகுது எண்டு சொல்லி அங்க கேட்டுத்து நீளத்த முடிவெடுங்க.

பக்கம் உயர உயர காத்துக்குப் பிடி கூடும். இத எங்கட ஆக்கள் கவனிக்கிறதில்ல. ஏ4 ரோடு கரையோரமா வடக்கு தெக்கா ஓடுது, கச்சான் காத்து மேக்கால வருது, அப்ப வயல்வெளிப் பக்கமும் கல்லடிப் பாலத்திலயும் நேரா பக்கவாட்டிலதான் அடிக்கும். வெறும் பெட்டியோட போகேக்கதான் கூட ஆட்டும், நிறை இல்லாததால. உள்ளுக்குள்ள நிமிந்து நிக்கணும் எண்ட ஆசைக்காக ஆறரை அடி உயரம் எடுக்காதீங்க, கதிரை அடுக்கு எவ்வளவோ அதுக்கு மேல நாலு இஞ்சி போதும்.

அகலம் கேப்புட அகலத்த விட கொஞ்சம்தான் கூட இருக்கலாம், இல்லாட்டி கண்ணாடியில பின்னுக்கு வாற மோட்டார்சைக்கிள் தெரியாது. சில்லு ரெண்டும் பெட்டிக்கு வெளியால வாற மாதிரிச் செய்தா தரை பதிவா வரும், ஏத்தி இறக்க லேசு. ஆனா பெட்டிட பின் வால் கனக்க நீட்டக்கூடாது, பள்ளத்தில இறங்கி ஏறேக்க நிலத்தில உரசும்.

6. கதவு எந்தப் பக்கம்

வெளிநாட்டுப் படத்தில பக்கக் கதவு வலப்பக்கம் இருக்கும். அமெரிக்காவில வாகனம் ரோட்டுக்கு வலப்பக்கத்தால போறதால அவங்களுக்கு அது ஓரம். நாங்க இடப்பக்கத்தால போறம், அந்தப் படத்த அப்படியே பாத்துச் செய்தா கதவு நடு ரோட்டப் பாத்துத் திறக்கும், பஸ் வாற பக்கம். இடப்பக்கம் வையுங்க எண்டு வாயால சொல்லாம கீறின படத்திலயே போடுங்க.

பின்கதவு ரெண்டு இலையாத் திறக்கிறதா, கீழ விழுந்து சாய்வாகிற ரேம்ப் கதவா எண்டது சாமானப் பொறுத்தது. சில்லு பூட்டின சவுண்ட் பொக்ஸ், மோட்டார்சைக்கிள் எண்டா ரேம்ப் நல்லம். ஆனா அதுக்கு பின்னால ஆறடி வெறும் இடம் வேணும், கோயில் வீதியில சனம் நிக்கேக்க அது கிடையாது, கதவு நிறையும் பின்னுக்குத்தான் கூடும். எனக்கு ரெண்டு இலைதான் சரி, தனியா ஆறடிப் பலகை ஒண்டு உள்ள வெச்சிருக்கன், தேவைப்பட்டா அதப் போட்டு இறக்கிறன். பிணைச்சல் ஒரு இலைக்கு மூண்டு போடுங்க, ரெண்டு போட்டா ஆறு மாசத்தில கதவு தொங்கும்.

7. சீற், தரை, காத்து

கடலோரத்தில வீடு எண்டா உப்புக் காத்து எல்லாத்தையும் தின்னும். சட்டத்துக்கு ஜி.ஐ. (நாகம் பூசின) பொக்ஸ் பார் எடுத்து, ஒட்டின இடம் ஒவ்வொண்டுக்கும் சிங்க் பெயின்ற் அடிக்கச் சொல்லுங்க, ஏனெண்டா ஒட்டேக்க அந்த இடத்தில நாகப் பூச்சு எரிஞ்சு போகும், கறள் முதல்ல பிடிக்கிறது அதிலதான். அலுமினியம் சீற் அடிக்கிறதெண்டா இரும்பில நேரா முட்டாம நடுவில ரப்பர் பட்டி வையுங்க, உப்பு ஈரத்தில ரெண்டும் முட்டினா அலுமினியம் வெள்ளையாப் பொரிஞ்சு அரிஞ்சிடும்.

தரைக்கு மரீன் பிளைவூட், 18 மில்லிமீற்றர். கீழ்ப்பக்கமும் வெட்டின விளிம்பும் பெயின்ற் அடிச்ச புறகுதான் பூட்டணும். சில கடையில மேல மட்டும் அடிப்பாங்க, ரோட்டுத் தண்ணி கீழால அடிச்சு ரெண்டு மாரியில இலை இலையாப் பிரியும்.

ஸ்டோரா பாவிக்கிறவங்க காத்துத் துவாரத்த மறக்கவே கூடாது. முன்பக்கம் பதிவா ஒண்டு, பின்பக்கம் உயரத்தில ஒண்டு, நுளம்பு வலை அடிச்சு, மழை அடிக்காத மாதிரி மூடி வெச்சு. இது இல்லாட்டி இரவுக் குளிருக்கு உள்பக்கச் சீற் வேர்த்து, ஸ்பீக்கர் கடதாசியில பூஞ்சணம் பிடிக்கும்.

8. பேப்பர் வேலை, அட்வான்ஸ் குடுக்க முதல்

ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு, தனி நம்பர் இருக்கு, வருஷா வருஷம் வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்கணும். எனவே பதிவு இல்லாத புதுச் சட்டத்தில கட்டத் தொடங்க முதல், என்னென்ன வேணும் எண்டு மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில நேர போய்க் கேட்டு எழுதி எடுங்க. படம் கீறி அளவோட கொண்டு போனா கதைக்க லேசு. கட்டி முடிச்சுத்து போனா அவங்க சொல்ற கதைக்கு ஏத்த மாதிரி பெட்டிய மாத்த ஏலாது.

பழைய பதிவுள்ள ட்ரெய்லர வாங்கி மேல பெட்டி அடிக்கிறதெண்டா பாக்க வேண்டியது இவ்வளவு. பதிவுப் புத்தகத்தில உள்ள செசி நம்பரும் சட்டத்தில குத்தியிருக்கிற நம்பரும் ஒண்டா எண்டு பெயின்ற்றச் சுரண்டிப் பாருங்க. லீசிங் கம்பனி பேர் அதில கிடந்தா, காசு கட்டி முடிஞ்ச கடிதம் இல்லாம கை வெக்காதீங்க. பேர் மாத்திறதுக்கு விக்கிறவர் எம்.ரி.ஏ. 6, வாங்கிறவர் எம்.ரி.ஏ. 8 படிவம். "ஓப்பின் பேப்பர் தாறன், நீங்க ஆறுதலா மாத்துங்க" எண்டு, கையெழுத்து மட்டும் வெச்சு பேர் மாத்தாத பேப்பரத் தருவாங்க, ரெண்டு கை மாறி வந்த பேப்பர்ல முதல் ஆள் வெளிநாடு போயிருந்தா நீங்க அலைஞ்சே களைச்சிருவீங்க. திறந்த தட்டுக்கு மேல மூடின பெட்டி அடிக்கிறது வாகனத்த மாத்திற வேலை, அதயும் அறிவிச்சு அனுமதி எடுக்கணும்.

இன்சூரன்ஸ் பேசேக்க, உள்ள இருக்கிற சாமானுக்கும் பாதுகாப்பு உண்டா, கேப்பில இருந்து கழட்டி வளவில நிக்கேக்க களவு போனா தருவாங்களா எண்டு ரெண்டு கேள்வியும் கேட்டு எழுத்தில எடுங்க.

9. காசும் காலமும்

என்ட முதல் பெட்டி சில்லு, அச்சு, ஸ்பிரிங் எல்லாம் சேத்து 4 இலட்சத்து 80 ஆயிரம். மூக்க வெட்டி, முகட்ட மாத்தித் திரும்பக் கட்ட இன்னும் 1 இலட்சத்து 35 ஆயிரம். இரும்பு விலை நிண்ட இடத்தில நிக்காது, அதால என்ட கணக்க வெச்சுப் பேரம் பேசாம மூண்டு கடையில ஒரே படத்தக் காட்டி விலை எடுங்க.

காச ஒரேயடியாக் குடுக்காதீங்க. சாமான் எடுக்க ஒரு பங்கு. சட்டம் ஒட்டி முடிஞ்சு சீற் அடிக்க முதல் நீங்க போய்ப் பாத்த புறகு ரெண்டாம் பங்கு, சீற் அடிச்சா உள்ள ஒட்டு நல்லமா கெட்டதா ஒருத்தருக்கும் தெரியாது, அதால அந்த நாள கட்டாயம் போங்க. கடைசிப் பங்கு தண்ணிப் பரிசோதனைக்குப் புறகு. நீங்க உள்ள நிண்டு கதவச் சாத்தச் சொல்லுங்க, இருட்டில எங்கெங்க வெளிச்சப் புள்ளி தெரியுதோ அங்க சோக்கால குறிங்க, மறுகா வெளியால ஹோஸ் பைப்பால இருபது நிமிசம் அடிக்கச் சொல்லுங்க.

குடுக்க நல்ல காலம் மாசி, பங்குனி. மழை விட்டு பெயின்ற் காயும், சடங்குக்கு முதல் கைக்கு வரும். எனக்கு நாலு கிழமை எண்டு சொன்னது ஒம்பது கிழமை எடுத்திச்சு, அதயும் சேத்துக் கணக்குப் போடுங்க.

10. முதல் நாள் இழுக்கேக்க

நிறையில அறுபது வீதம் அச்சுக்கு முன்னால வரணும், கப்ளர்ல இறங்கிற நிறை மொத்தத்தில பத்தில இருந்து பதினஞ்சு வீதம் இருக்கணும். நான் ஜெனரேட்டர கடைசியா ஏத்தி பின்கதவோட வெச்சுத்து களுவாஞ்சிகுடிப் பக்கம் போகேக்க, வேகம் அறுபதுக்கு வந்த உடன ட்ரெய்லர் பாம்பு மாதிரி வளைஞ்சு கேப்பயும் சேத்து ஆட்டத் தொடங்கிச்சு. பிரேக் அமத்தாம அக்சிலேற்றர விட்டு, ஸ்டியரிங்க நேராப் பிடிச்சுத்து இருந்ததால நிண்டிச்சு. அடுத்த நாள் நெல்லு மில்லில இழுவைச் சட்டத்த தராசில வெச்சுப் பாத்தா 25 கிலோதான். ஜெனரேட்டர கேப்பில ஏத்தி, சவுண்ட் பொக்ஸ் நாலையும் அச்சுக்கு முன்னால தள்ளின புறகு மொத்தம் 740, சட்டத்தில 75. அதுக்குப் புறகு ஆட்டமே இல்ல. உங்கட ஊர் மில்லிலயும் கேட்டா நிறுக்க விடுவாங்க, ரெண்டு நிமிச வேலை.

சங்கிலி ரெண்டையும் கப்ளருக்குக் கீழால குறுக்கா மாத்திக் கொளுவுங்க, கழண்டா சட்டம் அதில தாங்கும். முதல் நூறு கிலோமீற்றர் ஓடின புறகு சில்லு நட் எல்லாத்தையும் திரும்ப இறுக்குங்க.

11. மாரிக்கு நிப்பாட்டி வெக்கேக்க

முன்பக்கத்த ஜொக்கி வீலால (இழுவைச் சட்டத்தில உள்ள சின்னச் சில்லு) கொஞ்சம் உயத்தி விடுங்க, தண்ணி பின்னுக்கு ஓடும். அச்சுக்குக் கீழ கல்லு வெச்சு சில்லுல நிறைய எடுத்து விட்டா ரயர் ஒரு பக்கம் சப்பளியாது. மரத்துக்குக் கீழ வேணாம், இலை அழுகி முகட்டில கறை பிடிக்கும், தென்னைக்குக் கீழ சொல்லவே தேவையில்ல. வெள்ளத் தண்ணி சில்லு மட்டம் ஏறின வருஷம் எண்டா, வத்தின உடன பேரிங் ரெண்டையும் கழட்டி கழுவி புதுக் கிறீஸ் அடிங்க. அப்படியே ஓடினா, பேரிங் இறுகி சில்லு கழண்டு போறது நடு ரோட்டிலதான் நடக்கும்.